கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கி: பொருளியலில் வணிகப் பட்டம் படிக்கப் பாடத் திட்டம் போடுவது எப்படி

நான் இளநிலைப் படிப்பை எட்டுப் பருவங்களில் முடித்திருக்க வேண்டும். ஒன்பது ஆயிற்று. எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. முதலாண்டில் நுண்கணிதத்தைக் கண்டு பயந்து, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். இரண்டாம் ஆண்டில் இடைநிலை நுண்ணியல் பொருளியலில் (தனி நுகர்வோர், நிறுவனம், சந்தை ஆகியவற்றை ஆராயும் பாடம்) சேரப் போனபோதுதான், அதற்கு நுண்கணிதம் முடித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இடைநிலைப் பாடம் முடிந்தால்தான் பொருளாதார அளவையியல், அதாவது பொருளியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசும் எக்கனாமெட்ரிக்ஸ். அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடந்தது. அதை முடித்தவர்களுக்குத்தான் இறுதி ஆய்வுத் திட்டம். ஒரு பாடத்தை ஒத்திப்போட்டேன்; அதன் பின்னால் மூன்று பாடங்கள் வரிசையாகத் தள்ளிப்போயின. விதிகள் எல்லாம் கையேட்டில் அச்சாகியே இருந்தன. நான்தான் அதைப் பாடங்களின் பட்டியலாகப் படித்தேன். அது ஒன்றையொன்று பிடித்திருக்கும் சங்கிலி என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தச் சங்கிலியைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். பாடங்களை மாணவரே தேர்ந்தெடுத்துப் பருவந்தோறும் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று எண்ணிச் சேர்த்துப் பட்டம் வாங்கும் கிரெடிட் முறைக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் பாடங்கள் பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், விருப்பப் பாடங்களைப் பற்றிய பகுதியும் கணிதத்தைப் பற்றிய பகுதியும் மட்டும் உங்களுக்குப் போதும்.

எந்தப் பட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்கள்?

பொருளியல் படிக்க இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கலை அறிவியல் பிரிவின் பொருளியல் துறை வழியாகப் போவது. மற்றொன்று, வணிகப் பள்ளியில் சேர்ந்து பொருளியலை முதன்மைப் பாடமாக எடுப்பது. இரண்டிலும் பொருளியலின் அடிப்படைப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. வணிகப் பட்டத்தில் கணக்கியல், நிதி மேலாண்மை, சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம், நிறுவன நடத்தை, செயல்பாட்டு மேலாண்மை ஆகியவை எல்லா மாணவருக்கும் கட்டாயம். அவை பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், பொருளியலிலும் கணிதத்திலும் கூடுதல் விருப்பப் பாடங்கள் எடுக்க இடம் குறைவாகவே மிஞ்சும். கலை அறிவியல் வழியில் அந்த இடம் தாராளம்; ஆனால் ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவே கற்காமல் பட்டம் வாங்கிவிடவும் முடியும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் ஒரு தனி ஆழம் இருப்பதாக நான் நினைக்கிறேன். 1937இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். விலைகளே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடும் என்றால் நிறுவனம் என்ற ஒன்று எதற்கு? ஒவ்வொரு வேலையையும் அன்றன்று சந்தையில் பேசி முடித்துக்கொள்ளலாமே? சந்தையைப் பயன்படுத்துவதற்கே செலவாகிறது என்பது அவர் கண்ட விடை. ஆளைத் தேட வேண்டும், விலை பேச வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். அந்தச் செலவு, வேலையை உள்ளேயே ஒழுங்குசெய்துகொள்ளும் செலவை மிஞ்சும் இடத்தில் நிறுவனம் பிறக்கிறது. 1991இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது குறிப்பிடப்பட்ட பணிகளில் இதுவும் ஒன்று. மேலாண்மை வகுப்பில் நிறுவனத்தை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். பொருளியல் வகுப்பில் வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். கோஸின் கேள்வி அந்த இரண்டுக்கும் நடுவாசலில் நிற்கிறது. வணிகப் பட்டத்தில் பொருளியல் படிக்கிறவருக்கு அந்த வாசலில் நிற்கும் வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது.

கையில் இருக்க வேண்டிய மூன்று தாள்கள்

முதலாவது, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான பட்ட விதிகள். கல்லூரிகள் விதிகளை அவ்வப்போது மாற்றும். பொதுவாக ஒரு மாணவருக்கு அவர் சேர்ந்த ஆண்டின் விதிகளே பொருந்தும். மூத்த மாணவர் ஒருவர் நல்ல மனதோடு சொல்லும் ஆலோசனை, அவர் சேர்ந்த ஆண்டின் விதிக்குச் சரியாகவும் உங்கள் விதிக்குத் தவறாகவும் இருக்கலாம். அதனால் தாளின் மேல் இருக்கும் ஆண்டை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பாட விவரக் கையேடு. ஒவ்வொரு பாடத்தின் கீழும் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இதில் சேர முன்னதாக எந்தப் பாடத்தை முடித்திருக்க வேண்டும், எதை இதனுடன் சேர்த்தே எடுக்க வேண்டும். கையேட்டில் மிக முக்கியமான வரி அதுதான். பாடத்தின் அழகான விளக்கத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கடந்த இரண்டு ஆண்டுகளின் வகுப்பு அட்டவணைகள். இதை யாரும் கொடுக்க மாட்டார்கள். நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். கையேட்டில் ஒரு பாடம் இருப்பதால் மட்டும் அது ஒவ்வொரு பருவமும் நடக்கும் என்று ஆகாது. எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடந்திருக்கிறது என்பதை நான்கு பருவ அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடப்பவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். உங்கள் திட்டத்தில் அசையாத ஆணிகள் அவை.

எண்ணிக்கை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 பருவ கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு பாடம் 3 கிரெடிட் என்று கொண்டால் 40 பாடங்கள். எட்டுப் பருவங்களில் பருவத்துக்கு ஐந்து. ஐரோப்பிய முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட்; மூன்றாண்டுப் பட்டம் 180. அங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். எண்கள் வேறு வேறானாலும் இரண்டும் அளப்பது உங்கள் நேரத்தைத்தான். வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அமெரிக்க முறையின் பழைய வழக்கு. அப்படியானால் 15 கிரெடிட் எடுத்தவருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் படிப்புக்கே போகும். பகுதிநேர வேலையும் பார்க்கிறவர் இந்தப் பெருக்கலைப் பதிவுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு எல்லாப் பாடங்களையும் நான்கு குவியலாகப் பிரியுங்கள்: பொதுக் கல்விப் பாடங்கள், வணிகத்தின் மையப் பாடங்கள், பொருளியல் பாடங்கள், எந்தத் துறையிலிருந்தும் எடுக்கக்கூடிய முழு விருப்பப் பாடங்கள். சில பாடங்கள் இரண்டு குவியலில் தலைகாட்டும். அறிமுகப் பொருளியல் பல இடங்களில் வணிக மையப் பாடமாகவும் சமூக அறிவியல் பொதுப் பாடமாகவும் கணக்கில் வரும். புள்ளியியலும் அப்படித்தான். இரு பக்கமும் கணக்கில் கொள்ள அனுமதி உண்டா என்று விதிகளில் பாருங்கள். அனுமதி இருந்தால் ஒன்றிரண்டு பாடங்களுக்கான இடம் உங்களுக்கு மிச்சமாகும். அந்த இடத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மொத்த எண்ணிக்கையோடு வேறு சில நிபந்தனைகளும் மறைந்திருக்கும். மேல்நிலைப் பாடங்களில் குறைந்தது இத்தனை கிரெடிட், இதே கல்லூரியில் படித்தவை இத்தனை, முதன்மைப் பாடத்தில் இந்த அளவுக்குக் குறையாத சராசரி என்று இருக்கும். மொத்தம் சரியாக இருந்தும் மேல்நிலைக் கிரெடிட் குறைந்ததால் இறுதியில் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சங்கிலியை வரைவது

ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாடங்களைப் பெட்டிகளாக எழுதி, எது முடிந்தால் எதற்குப் போகலாம் என்று அம்பு போடுங்கள். பொருளியல் பக்கத்தில் கிடைக்கும் நீளமான கோடு பெரும்பாலும் இப்படி இருக்கும்: நுண்கணிதமும் அறிமுக நுண்ணியல் பொருளியலும் சேர்ந்து இடைநிலை நுண்ணியலுக்கு வழிவிடும். அதனுடன் புள்ளியியலும் சேர்ந்து பொருளாதார அளவையியலுக்கு வழிவிடும். அங்கிருந்து மேல்நிலை விருப்பப் பாடங்கள், கடைசியில் ஆய்வுத் திட்டம். நுண்கணிதத்துக்கு முன்பாக அடிப்படைக் கணிதம் ஒன்று தேவைப்படும் மாணவருக்கு இந்தக் கோடு இன்னும் ஒரு பெட்டி நீளும்.

வணிகப் பக்கத்தில் ஒரு கோடு உண்டு, ஆனால் குட்டையானது. நிதிக் கணக்கியல், அடுத்து மேலாண்மைக் கணக்கியல், அதனுடன் புள்ளியியலும் சேர்ந்து நிதி மேலாண்மை. சந்தைப்படுத்தலும் வணிகச் சட்டமும் நிறுவன நடத்தையும் பெரும்பாலும் தனித்து நிற்பவை. எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். ஆனால் இந்தப் பக்கத்தின் முடிவில் ஒரு பூட்டு இருக்கிறது. வணிகத் தந்திரோபாயம் அல்லது வணிகக் கொள்கை என்ற பெயரில் வரும் இறுதிப் பாடத்தில் சேர, மற்ற மையப் பாடங்கள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டில் சந்தைப்படுத்தலை மறந்து விட்டவர் நான்காம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் இந்தப் பூட்டின் முன் நிற்பார்.

படம் முடிந்ததும் மிக நீளமான கோட்டை எண்ணுங்கள். அதில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றனவோ, குறைந்தது அத்தனை பருவங்கள் உங்களுக்குத் தேவை. மற்ற எல்லாப் பாடங்களும் அந்தக் கோட்டைச் சுற்றி வளைந்து கொடுக்கும். அந்தக் கோடு மட்டும் வளையாது.

கணிதத்தை ஏன் தள்ளிப்போடக் கூடாது

விதிக்காக மட்டும் சொல்லவில்லை. அறிமுக வகுப்பில் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்து, அவை வெட்டும் இடத்தைக் காட்டுவார்கள். இடைநிலை வகுப்பில் அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை வகைக்கெழுவின் மொழியில்தான் வரும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு விற்பனையாளர் இருக்கும் சந்தை. அவர் q அலகுகள் விற்க விரும்பினால் விலையை 100 - 2q என்று வைக்க வேண்டும். ஓர் அலகைத் தயாரிக்க 20 செலவு. எத்தனை அலகு விற்றால் லாபம் உச்சத்துக்குப் போகும்? நுண்கணிதம் தெரியாதவர் அட்டவணை போட்டுப் பார்ப்பார்: 19 அலகு விற்றால் விலை 62, லாபம் 798, 20 விற்றால் விலை 60, லாபம் 800, 21 விற்றால் விலை 58, லாபம் மறுபடி 798. விடை 20. நுண்கணிதம் தெரிந்தவருக்கு இது ஒரே வரி. மொத்த வருவாய் 100q - 2q²; அதன் வகைக்கெழு, அதாவது இன்னும் ஓர் அலகு விற்றால் கூடும் இறுதிநிலை வருவாய், 100 - 4q; அதை இன்னும் ஓர் அலகு தயாரிக்க ஆகும் இறுதிநிலைச் செலவான 20க்குச் சமமாக்கினால் q = 20. அட்டவணை இந்த ஒரு சந்தைக்கு மட்டும் விடை தந்தது. வகைக்கெழுவோ செலவு மாறினால், வரி விதித்தால், போட்டியாளர் ஒருவர் நுழைந்தால் விடை எப்படி நகரும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். இறுதிநிலை வருவாய் இறுதிநிலைச் செலவுக்குச் சமம் என்ற வாசகத்தை மனப்பாடம் செய்த மாணவருக்கும், அது ஏன் அப்படி என்று கண்ட மாணவருக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆகவே முதல் பருவத்திலேயே கணிதத்தைத் தொடங்குங்கள். பள்ளியை முடித்த சூடு ஆறுவதற்குள் எடுத்தால் பாதிச் சுமை குறையும். கணிதத் தேர்ச்சித் தேர்வு ஒன்றை வைத்து உங்களை ஒரு நிலையில் சேர்ப்பார்கள் என்றால், அந்தத் தேர்வுக்கு இரண்டு வாரமாவது படித்துவிட்டுப் போங்கள். தயாராகாமல் எழுதி ஒரு நிலை கீழே போவது ஒரு பருவத்தை இழப்பதற்குச் சமம். ஆனால் உண்மையிலேயே அடிப்படை பலவீனமாக இருந்தால் அடிப்படைக் கணிதத்திலிருந்தே தொடங்குங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. தடுமாறிக்கொண்டே நுண்கணிதத்தில் நுழைந்து பாதியில் விலகுவதைவிட அது குறுகிய வழி.

வணிகப் பட்டத்துக்கு இரண்டு விதமான நுண்கணிதம் இருக்கக்கூடும். ஒன்று வணிக மாணவர்களுக்கெனச் சுருக்கியது. மற்றொன்று அறிவியல் மாணவர்கள் எடுப்பது. பட்டத்துக்குச் சுருக்கியதே போதும். முதுநிலைப் பொருளியலுக்குப் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இரண்டாவதையே எடுங்கள். சுருக்கிய பாடத்திலிருந்து பன்மாறி நுண்கணிதத்துக்கு நேராகப் போகப் பல இடங்களில் அனுமதி இல்லை. பிற்பாடு மனம் மாறினால் அடியிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பின்னோக்கி நிரப்புவது

இப்போது எட்டுப் பருவங்களுக்கு எட்டுக் கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தை விட்டுவிட்டு எட்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

எட்டாவதில் வணிகத்தின் இறுதிப் பாடமும் பொருளியலின் ஆய்வுத் திட்டமும் உட்காரும். ஆய்வுக்குத் தரவுகளை அலசத் தெரிய வேண்டும். எனவே பொருளாதார அளவையியல் ஐந்தாம் பருவத்துக்குள் முடிந்துவிடுவது நல்லது. ஆறாவதும் ஏழாவதும் அதைப் பயன்படுத்தும் விருப்பப் பாடங்களுக்கு ஒதுங்கும். ஐந்தாவதில் அது இருக்க வேண்டும் என்றால் புள்ளியியலும் இடைநிலை நுண்ணியலும் மூன்றாவது அல்லது நான்காவதில் முடிந்திருக்க வேண்டும். இடைநிலைப் பேரியல் (நாட்டின் பொருளாதாரத்தை முழுதாகப் பார்க்கும் பேரியல் பொருளியல்) நான்காவதில் வரலாம். இடைநிலை நுண்ணியல் மூன்றாவதில் என்றால் நுண்கணிதம் இரண்டாவதிலேயே முடிந்திருக்க வேண்டும். அறிமுக நுண்ணியலும் அறிமுகப் பேரியலும் முதல் இரண்டு கட்டங்களில் ஒவ்வொன்றாக வரும். நிதிக் கணக்கியலை இரண்டாவதில் வைத்தால் மேலாண்மைக் கணக்கியல் மூன்றாவதிலும் நிதி மேலாண்மை நான்காவது அல்லது ஐந்தாவதிலும் வரும். மூன்றாண்டுப் பட்டமாக இருந்தால் இதே வரிசையை ஆறு கட்டங்களில் நெருக்கிக்கொள்ளுங்கள். நுண்கணிதம் முதல் பருவத்துக்கு நகர்ந்துவிடும்.

இப்படி நிரப்பிப் பார்த்தால் ஒன்று தெளியும்: முதல் இரண்டு பருவங்களில் செய்யும் தேர்வுகள்தாம் மீதி எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. அப்போதுதான் நமக்கு எதுவும் தெரியாமலும் இருக்கிறது.

மிச்ச இடங்களில் பொதுப் பாடங்களைத் தெளித்துவிடுங்கள். எளிதானவை என்று எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே முடிக்க ஒரு சபலம் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எளிய பாடங்கள் எல்லாம் தீர்ந்துபோனால், மூன்றாம் ஆண்டில் ஒரே பருவத்தில் அளவையியல், நிதி மேலாண்மை, செயல்பாட்டு மேலாண்மை என்று கணக்கு நிறைந்த பாடங்கள் மட்டுமே மிஞ்சும். என் கருத்தில், கணக்கு அதிகமுள்ள பாடம் பருவத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டைத் தாண்டக் கூடாது. கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒன்று; மூச்சு முட்டாமல் இருக்க இரண்டு. எழுத்துப் பயிற்சி தரும் பாடம் ஒன்றை முதலாண்டிலேயே எடுங்கள். பொருளியல் மாணவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கடைசி ஆண்டில் எண்களை அலசி முடித்த பிறகு, அவை என்ன சொல்கின்றன என்று நான்கு பக்கம் தெளிவாக எழுத முடியாமல் தவிக்கிறவர்கள் பலர்.

கட்டங்களில் ஓரிடத்தையாவது காலியாக விடுங்கள். ஏதாவது ஒரு பாடம் நிரம்பிவிடும், ஏதாவது ஒன்றிலிருந்து நீங்கள் விலக நேரும், அல்லது நினைத்தே பார்க்காத ஒரு பாடம் உங்களை இழுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கவோ பருவம் முழுக்க இன்டர்ன்ஷிப் போகவோ விருப்பம் இருந்தால், எந்தப் பருவத்தில் சங்கிலிப் பாடம் எதுவும் இல்லையோ அந்தப் பருவத்தை அதற்கு வையுங்கள். வெளியே படிக்கப் போகும் பாடங்களுக்கு இங்கே எது சமம் என்பதைப் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பொருளாதார அளவையியலும் கருவிகளும்

இந்தப் பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டாலே மாணவர்கள் ஒதுங்குகிறார்கள். ஆனால் எதற்கு எது காரணம் என்பதை எண்களிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்றுத்தருவது இதுதான்.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அறிமுக வகுப்பின் வரைபடத்தின்படி, கூலி ஏறினால் வேலை குறைய வேண்டும். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கிருந்த துரித உணவகங்களை எடுத்துக்கொண்டு, கூலி உயராத பக்கத்துப் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். முன்னும் பின்னும் என்ன மாறியது என்று இரு பக்கமும் பார்த்து, அந்த மாற்றங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். 1994இல் வெளியான முடிவு: நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. அதன் மேல் நீண்ட விவாதம் நடந்தது. 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் கார்டும் ஒருவர். விளம்பரம் கொடுத்ததால்தான் விற்பனை கூடியதா, அல்லது பண்டிகைக் காலம் என்பதால் கூடியதா என்று ஒரு நிறுவனம் கேட்கும்போதும் இதே ஒப்பீட்டு முறைதான் கைகொடுக்கிறது. வணிகப் பட்டத்துக்கு இந்தப் பாடம் கட்டாயமில்லை என்று உங்கள் விதி சொன்னாலும் விருப்பப் பாடமாக எடுத்துவிடுங்கள். நான் இந்தக் கட்டுரையில் பாடம் ஒன்றைப் பரிந்துரைக்கலாம் என்றால் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இதற்கு ஆயத்தமாக, புள்ளியியல் எடுக்கும் பருவத்திலேயே ஒரு மென்பொருளைக் கற்கத் தொடங்குங்கள். எக்செல் வணிக வகுப்புகளில் எங்கும் இருக்கும். அதில் தடங்கலின்றி வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல், தரவுகளை அலசப் பயன்படும் ஆர் (R), ஸ்டாட்டா, பைத்தான் இவற்றில் எதை உங்கள் பேராசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு அதையே எடுங்கள். ஆரும் பைத்தானும் இலவசம். ஸ்டாட்டாவுக்குக் கட்டணம் உண்டு. கல்லூரிக் கணினிகளில் கிடைக்கலாம். ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றொன்று சில வாரங்களில் வரும்.

விருப்பப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது

காலை எட்டு மணிக்கு வகுப்பு இல்லாதது, மதிப்பெண் தாராளமாகக் கிடைப்பது என்று தேடினால், பட்டத்தின் முடிவில் ஒன்றோடொன்று பேசாத ஆறு பாடங்கள் கையில் இருக்கும். ஒரு திசையைத் தேர்ந்துகொண்டு, அதில் குறைந்தது மூன்று பாடங்களைச் சேர்த்து எடுங்கள். வங்கி, முதலீடு பக்கம் போகிறவருக்குப் பணமும் வங்கியியலும், பன்னாட்டு நிதி, காலத்தொடர் அளவையியல் பொருந்தும். நிறுவன ஆலோசனை, விலை நிர்ணயம், போட்டிச் சட்டம் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவருக்குத் தொழில்துறைப் பொருளியலும் விளையாட்டுக் கோட்பாடும் வேண்டும். அரசுக் கொள்கை என்றால் பொது நிதி, உழைப்புப் பொருளியல், வளர்ச்சிப் பொருளியல். காப்பீட்டுத் துறை என்றால் தகவல் பொருளியலைத் தவறவிடாதீர்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சுருங்கிப்போகிறது என்று பழைய கார்களை வைத்து 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் காட்டியது அங்கேதான் பாடமாகும். தன் உடல்நிலையைத் தானே அறிந்த ஒருவர் காப்பீடு வாங்க வரும்போது நடப்பதும் அதேதான்.

முதுநிலைப் பொருளியலுக்கும் ஆராய்ச்சிக்கும் போக நினைப்பவர் முழு விருப்ப இடங்கள் அனைத்தையும் கணிதத் துறைக்கே கொடுக்க வேண்டியிருக்கும்: பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, முடிந்தால் மெய்ப் பகுப்பாய்வு. வணிகப் பட்டத்தின் விதிகள் இவற்றைக் கேட்கா. ஆனால் ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக் குழுக்கள் இவற்றைத்தான் தேடுகின்றன. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இந்த முடிவை எடுத்துவிட்டால் இடம் இருக்கும். மூன்றாம் ஆண்டின் கடைசியில் எடுத்தால் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேரலாம்.

பதிவு நாள்

பதிவு திறக்கும் நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் மாற்றுப் பாடம் ஒன்றை முன்னதாகவே எழுதி வைத்திருங்கள். சிவப்பு வட்டமிட்ட பாடங்களை முதலில் பதிவு செய்யுங்கள், மற்றவை பிறகு. இடம் இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, முதல் வகுப்புக்கு நேரில் போய் ஆசிரியரைப் பாருங்கள். முதல் வாரத்தில் சிலர் விலகுவார்கள்.

மூன்று தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள்: பாடம் சேர்க்கக் கடைசி நாள், தடயமின்றி நீக்கக் கடைசி நாள், சான்றிதழில் குறிப்போடு விலகக் கடைசி நாள். இடைத்தேர்வு மதிப்பெண் கைக்கு வருவதற்கும் மூன்றாவது தேதிக்கும் நடுவில் சில நாட்களே இருக்கலாம். சங்கிலிப் பாடம் ஒன்றிலிருந்து விலக நினைத்தால், அது மறுபடி எப்போது நடக்கும் என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். முன்தகுதிப் பாடத்தில் தேர்ச்சி மட்டும் போதாமல் குறிப்பிட்ட தரநிலையும் கேட்கப்படலாம். நுண்கணிதத்தில் வெறுமனே தேறிய மாணவர் இடைநிலை நுண்ணியலில் சேர முடியாமல் போவது நடக்கக்கூடியது.

ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது

நான் எதை எடுக்கலாம் என்று வெறுங்கையோடு போய்க் கேட்டால், பொதுவான பட்டியல் ஒன்றுதான் கிடைக்கும். கட்டங்கள் நிரப்பிய தாளோடு போங்கள். அதைக் காட்டி, இதில் எது உடையும் என்று கேளுங்கள். எந்தப் பாடம் வரும் ஆண்டு நடக்காமல் போகக்கூடும், எந்தப் பேராசிரியர் விடுப்பில் போகிறார், விதிகள் மாறும் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்பவை அட்டவணையில் இல்லாத செய்திகள், அவர்களுக்குத்தான் தெரியும். முன்தகுதியைத் தளர்த்தியோ ஒரு பாடத்துக்குப் பதில் வேறொன்றை ஏற்றுக்கொண்டோ அனுமதி தந்தால், அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆலோசகர்கள் மாறுவார்கள்; வாய்வார்த்தை அவர்களோடு போய்விடும்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் முன்பு படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். பாடத்தின் பெயரை மட்டும் வைத்து யாரும் சமம் என்று ஏற்க மாட்டார்கள். எந்த வாரத்தில் எது நடத்தப்பட்டது, எந்த நூல் பயன்பட்டது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தாளை எடுத்துத் திருத்துங்கள். அரை மணி நேர வேலைதான். பட்டம் முடிய இரண்டு பருவங்கள் இருக்கும்போது, எல்லா நிபந்தனைகளும் நிறைவேறுகின்றனவா என்று பதிவாளர் அலுவலகத்தில் அதிகாரபூர்வமான சரிபார்ப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கடைசிப் பருவத்தில் கேட்டால் குறை தெரியவரும், சரிசெய்யப் பருவம் இருக்காது. இரண்டு பருவம் முன்பே கேட்டால், விட்டுப்போன மூன்று கிரெடிட்டை ஏழாவது கட்டத்தில் நீங்கள் காலியாக விட்டிருக்கும் அந்த இடத்தில் பொருத்திவிடலாம்.